விரிந்துபோன களைக்கோஸ் கெட்டியான கதை

களைக்கோஸ், அதாவது பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ், இரண்டு வருடம் என்னை ஏமாற்றியது. செடி இடுப்புயரம், இலை கரும்பச்சை. தண்டில் இருந்த குட்டிக் கோஸ்கள் மட்டும் பூப்போல விரிந்து கிடந்தன. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் போட்டேன். அதுதான் பெரிய தப்பு. தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும், கோஸ் இறுகாது.

இன்னொரு தப்பு, நடுவதற்கு முந்தின நாள் பாத்தியைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கியது. மற்ற காய்கறிகளுக்கு அது சரி. இதற்கு மண் இறுக்கமாக இருக்க வேண்டும். வேர் ஆடினால் கோஸ் இறுகாமல் விரிந்துவிடும்.

மூன்றாம் வருடம் தொழு உரத்தைச் சில மாதம் முன்பே கலந்து மண்ணைப் படிய விட்டேன். நடுவதற்கு முன் காலால் நன்றாக மிதித்தேன், பார்த்தவர்கள் சிரித்தார்கள். நாற்றை முதல் இலை வரை ஆழமாக, 60 செ.மீ. இடைவெளியில் நட்டேன். ஓர் இலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்: இலை கிழிந்தது, செடி அசையவில்லை. அப்புறம் அடியில் மண் அணைத்து, குச்சி நட்டுக் கட்டினேன்.

நடும் காலமும் முக்கியம். வெயிலில் கோஸ் உருவானால் என்ன செய்தாலும் தளர்ந்துதான் போகும். அதனால் குளிர் தொடங்கும்போது கோஸ் திரளும்படி கணக்குப் போட்டு நட்டேன். தண்ணீரை ஒரே சீராக விட்டேன்.

இந்த முறை அடியிலிருந்து மேலாகப் பறித்தேன். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு மாதிரி கெட்டி. உச்சியில் நாலைந்து மட்டும் விரிந்திருந்தன, அவற்றைக் கீரையோடு சேர்த்து வதக்கிவிட்டேன்.