சொன்னால் கேட்காத சின்னப் பிள்ளையோடு கதைப்பது எப்படி?

இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை சொல்வழி கேட்காவிட்டால், பெரும்பாலும் அது குளப்படி இல்லை. சொன்னது அதற்கு எட்டவேயில்லை. குசினிக்குள் நின்றபடி முற்றத்தைப் பார்த்து, "தம்பி, விளையாடினது காணும், காலைக் கழுவிப்போட்டு வந்து உடுப்பை மாத்து" என்று சத்தம் வைக்கிறோம். மண்ணில் வீடு கட்டிக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஒரு வசனத்துக்குள் நாலு வேலை இருக்கிறது.

கிட்டப் போங்கள். முகத்துக்கு முகம் தெரியக் குந்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பிப் பார்த்த பிறகு ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள்: "வாங்கோ, கால் கழுவுவம்." பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கனபேர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். இரண்டு செக்கனில் திரும்பவும் சொன்னால், பிள்ளை முதலிலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டிவரும். மூன்றாம் தரம் நம் குரல் ஏறும். குரல் ஏறின பிறகு எழும்பினால் போதும் என்று பிள்ளையும் பழகிவிடும்.

"ஓடாதே" என்றால் வேறென்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. "கிணத்தடி வழுக்கும், என்ரை கையைப் பிடியுங்கோ" என்றால் தெரியும். "குளிப்பமா?" என்று கேட்டால் "மாட்டன்" என்பதும் ஒரு பதில்தானே! "நீல வாளியோ, சிவப்பு வாளியோ?" என்று கேளுங்கள், இரண்டுக்கு மேல் காட்ட வேண்டாம். மூன்று வயதுக்கு ஐந்து நிமிடம் என்றால் என்னவென்று விளங்காது. "இன்னும் மூண்டு தரம் ஊஞ்சல், பிறகு வீட்டை" என்று சொல்லி, சேர்ந்து எண்ணுங்கள். மூன்று முடிந்ததும் நிறுத்துங்கள். நாலாவது ஆட்டினால் அடுத்த நாள் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. இதை அம்மம்மாவுக்கும் சொல்லிவையுங்கள்.

பிள்ளைபிடிகாரன், ஊசி, பொலிஸ் என்று வெருட்டுவதை விட்டுவிடுங்கள். நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள் கை விடுபட்டால், பிள்ளை உதவி கேட்க வேண்டியது அந்தப் பொலிஸிடம்தான்.

வெளிநாட்டிலிருந்து வரும் வீடியோ அழைப்பு தனிச் சிக்கல். "அப்பம்மாவோடை கதை, கதை" என்று பின்னால் நின்று தள்ளத் தள்ளப் பிள்ளை வாயை இறுக்கிக்கொள்ளும். கையில் ஏதாவது கொடுத்துவிடுங்கள்: ஒரு விளையாட்டுக் கார், முற்றத்தில் பொறுக்கிய பூ. அங்கிருப்பவர் "என்னைத் தெரியுதோ?" என்று சோதிக்காமல், "அந்தக் காருக்கு எத்தினை சில்லு?" என்று கேட்கட்டும். மூன்று நான்கு நிமிடத்தில் பிள்ளை எழும்பி ஓடினால் விடுங்கள், பெரியவர்கள் தொடர்ந்து கதைக்கலாம். ரொறன்ரோவில் இரவு 9 மணி என்றால் இங்கே இலங்கையில் காலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. முன்பள்ளிக்கு வெளிக்கிடுகிற அவதியில் எந்தப் பிள்ளையும் கதைக்காது. அவர்களுடைய வெள்ளி இரவு நமக்குச் சனி காலை. அழைப்பை அதற்கு மாற்றச் சொல்லுங்கள்.