சமையலறையில் செடி வைக்கும் முன் ஜன்னலைப் பாருங்கள்

நான் முதலில் வாங்கிய மூன்று புதினாத் தொட்டிகளை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வரிசையாக வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாவது வாரத்தில் தண்டு நீண்டு, இலை வெளுத்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். போதாமல் இருந்தது வெளிச்சம்.

அதனால் தொட்டி வாங்கும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். நண்பகலில், செடி வைக்க நினைக்கும் இடத்தில் தாளை விரித்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் புதினா, கொத்தமல்லி, துளசி எல்லாம் வளரும். மங்கலாக விழுந்தால் மணி பிளான்ட் வைக்கலாம். ஆனால் அதன் இலையைக் கடித்தால் பூனைக்கும் நாய்க்கும் வாய் எரியும், எட்டாத உயரத்தில் வையுங்கள். நிழலே விழாத மூலையில் மூலிகை வேண்டுமென்றால் எல்.ஈ.டி. விளக்கு போட்டு, தினம் 12 முதல் 14 மணி நேரம் எரியவிட வேண்டும்.

புதினாவுக்கு விதை தேட வேண்டாம். ஒரு சாண் தண்டைக் கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீர்க் கிளாசில் நிறுத்துங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் வேர் வந்துவிடும். வேர் ஒரு அங்குலம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். புதினாவுக்குத் தனித் தொட்டிதான். மண்ணுக்கடியில் ஓடிப்போய் மற்ற செடிகளை நெருக்கிவிடும். பறிக்கும்போது இலை இலையாகப் பறிக்காமல், ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே நுனியோடு கிள்ளுங்கள். அந்த இடத்தில் இரண்டு கிளை வரும். துளசிக்கும் இதே கணக்குதான்.

கொத்தமல்லி வேறு மாதிரி. உருண்டையான ஒவ்வொரு மல்லிக்குள்ளும் இரண்டு விதை இருக்கிறது; உள்ளங்கையால் மெல்லத் தேய்த்து உடைத்து விதையுங்கள். நேராக இறங்கும் ஆணிவேர் என்பதால் பிடுங்கி நட்டால் தாங்காது, வளர வேண்டிய தொட்டியிலேயே விதைக்க வேண்டும். ஒரு செடியிலிருந்து நெடுநாள் பறிக்க முடியாது, வெயில் ஏறினால் சீக்கிரம் பூத்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை விதை போட்டுக்கொண்டே இருங்கள்.

தண்ணீர் ஊற்ற நேரம் குறிக்காதீர்கள். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஈரம் தேங்கினால் வேர் அழுகும், சின்னச் சின்னக் கொசு மாதிரி ஈக்களும் வரும்.

சரி, அழகுக்கு வருவோம். துளையுள்ள சாதாரணத் தொட்டியில் செடியை வளர்த்து, அதை அழகான பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைப்பது என் வழி. தண்ணீர் ஊற்றி அரை மணி கழித்து உள்தொட்டியைத் தூக்கி, அடியில் தேங்கியதைக் கொட்டிவிடுவேன். வெளித்தொட்டிகள் ஒரே நிறமாக இருந்தால் இலைகளின் பச்சை எடுப்பாகத் தெரியும். கொத்தமல்லி முன்னால், உயரமான துளசி ஓரத்தில், மணி பிளான்ட் மேல் அலமாரியிலிருந்து தொங்கட்டும்.

பழக்கூடையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும். அடுப்பிலிருந்தும் ஒரு கை தூரமாவது விலக்கி வையுங்கள். அப்படியும் எண்ணெய்ப் பிசுக்கு படியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரத்துணியால் மணி பிளான்ட் இலைகளைத் துடைத்துவிட்டு, எல்லாத் தொட்டிகளையும் கால் வட்டம் திருப்பி வைக்கிறேன்.