பாறைச் சிதைவும் கார்பனும்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புவியின் நீண்டகாலக் கார்பன் சுழற்சியைப் படிக்கப் புதிதாக வருகிறவர்களின் தாள்களைத் திருத்தும்போது, என் தலைமுறை செய்த பிழைகளையே மீண்டும் பார்க்கிறேன். அலகு மாற்றப் பிழைகளை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆற்றுப் பைகார்பனேட் முழுவதையும் வரவு வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு பாறையைச் சிதைத்து, பைகார்பனேட்டாக ஆற்றில் இறங்கிக் கடல் சேர்கிறது. அதை அளந்து, "இவ்வளவு கார்பன் காற்றிலிருந்து நீங்கிவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். சிதைந்தது எந்தப் பாறை என்று கேட்பதே இல்லை.

சுண்ணாம்புப் பாறை கரையும்போது உண்டாகும் இரண்டு பைகார்பனேட் அயனிகளில் ஒன்றின் கார்பன் பாறையிலேயே இருந்தது; மற்றொன்றுதான் காற்றிலிருந்து வந்தது. கடலில் கால்சியம் கார்பனேட் மீண்டும் படியும்போது அந்த ஒன்றும் காற்றுக்கே திரும்புகிறது. பல லட்சம் ஆண்டுக் கணக்கில் மிச்சம் எதுவுமில்லை. கால்சியம் சிலிக்கேட் (சிலிக்கா சேர்ந்த பாறைக் கனிமம்) சிதைந்தாலோ இரண்டுமே காற்றிலிருந்து வந்தவை. ஒன்று திரும்பினாலும் மற்றொன்று கடலடிப் படிவில் தங்கிவிடும். புவியைக் குளிர்விப்பது அதுதான்.

ஓர் இளம் ஆய்வாளர், சுண்ணாம்புப் பாறைப் பரப்பில் ஓடும் ஆற்றின் அளவீடுகளைக் கொண்டு, மலை எழுச்சியால் கூடிய பாறைச் சிதைவு புவியை எவ்வளவு குளிர்வித்தது என்று ஆய்வேடே எழுதி முடித்திருந்தார். ஆற்றுநீரின் கால்சியம், சோடியம் விகிதத்தை ஒருமுறை பார்த்திருந்தாலே விஷயம் புரிந்திருக்கும்; சோடியத்தைவிடக் கால்சியம் மிக அதிகமென்றால் சிதைந்தது பெரும்பாலும் சுண்ணாம்பு. பிரித்துக் கணக்கிட்டபோது அவர் கண்ட குளிர்ச்சியில் பெரும்பகுதி காணாமல் போனது. மாதக்கணக்கான உழைப்பு! எனக்கு அவர்மேல் கோபமில்லை. முதல் வரைவிலேயே கேட்டிருக்க வேண்டிய வழிகாட்டிகள்மேல்தான் கோபம்.

சல்பேட்டையும் அளவிடுங்கள். பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்திலிருந்து உருவாகும் கந்தக அமிலம் சுண்ணாம்பைக் கரைத்தால், கார்பன் டை ஆக்சைடு நீங்குவதற்குப் பதிலாகக் காற்றில் கூடுகிறது.

எரிமலைமேல் பழி போடுவது

இன்று காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதற்கு எரிமலைகளைக் காரணம் காட்டாதீர்கள்; மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட அவை வெளியிடுவதில்லை.

பாறை உடனே ஈடுகட்டும் என நம்புவது

வெப்பம் கூடினால் சிலிக்கேட் சிதைவு விரைவுபட்டு மிகுதிக் கார்பனை இழுத்துக்கொள்ளும். 1981இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் முன்வைத்த சமனாக்கம் இது. ஆனால் அதன் வேகத்தைப் பாருங்கள். சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் புவி ஏறக்குறைய 5 டிகிரி சூடேறியபோது, பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. சமனாக்கத்தை விளக்கும் பத்தியிலேயே இந்த எண்ணையும் எழுதுங்கள்.