‘உங்களுக்கு நூறு ஆயுசு!’: தற்செயல் பொருந்தி வரும்போது என்ன செய்யலாம்

ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் படியேறி வந்து நின்றால் “உங்களுக்கு நூறு ஆயுசு” என்கிறோம். ரங்கூனில் நாலு தலைமுறையாக இருக்கிற எங்கள் வீட்டில் பிள்ளைகள் பாதிப் பேச்சு பர்மியத்தில்தான் பேசுவார்கள், ஆனால் இந்த வார்த்தை மட்டும் தமிழில்தான் வாயில் வரும். சொல்லிவிட்டுச் சிரித்து மறந்துவிடுகிறோம். மறக்காமல் அதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஏனென்றால் எனக்கு அது ஒருமுறை பெரிய உதவி செய்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், பழைய சாமான் பரப்பி வைத்திருந்த ஒரு நடைபாதைக் கடையில் ஒரு பித்தளைச் சொம்பைப் பார்த்தேன். கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய தமிழ் எழுத்து: ‘வ. மீ.’ எங்கள் அப்பாயி பெயரின் முதலெழுத்துகள். 1964-ல் கடைகளெல்லாம் நாட்டுடைமை ஆனபிறகு நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறியபோது பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டும் விற்றுவிட்டும் போனார்கள், அதில் ஒன்றாக இருக்கலாம். எங்கள் பெரியப்பாவும் அப்படிப் போனவர்தான். போன இடம் ஒட்டாமல், திரும்பி வர நினைத்து, எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூர் மோரேயிலேயே தங்கிவிட்ட தமிழர்களில் ஒருவர். அவர் காரியத்துக்கு நாங்கள் போக முடியவில்லை என்று அங்கிருக்கிற அண்ணனுக்கு மனத்தாங்கல், அப்போது ரெண்டு வருடமாகப் பேச்சு இல்லாமல் இருந்தது. சொம்பு கண்ணில் பட்ட அந்த வாரம் முழுக்க நான் அவருக்கு ஃபோன் போடலாமா வேண்டாமா என்று மனசுக்குள் உழன்றுகொண்டிருந்தேன்.

இந்த மாதிரி ஒன்று நடந்தால் முதல் வேலை, யாரிடமும் சொல்லாமல் எழுதி வைப்பது. சொல்லச் சொல்ல கதை வளரும், இரண்டாவது தடவை சொல்லும்போதே இல்லாத ஒரு விவரம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை நாமே நம்பிவிடுவோம். சின்னதாக ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, மணி, இடம், என்ன நடந்தது, அதற்கு முந்தின ஒரு மணி நேரம் மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரி ரொம்ப முக்கியம், ஆனால் பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகிறோம். அர்த்தம் எதுவும் அன்றைக்கு எழுத வேண்டாம்.

அப்புறம், நடக்காததையும் எழுதுங்கள். பத்துப் பேரை நினைத்து ஒருவர் வந்தால் அந்த ஒருவருக்குத்தான் நூறு ஆயுசு கொடுக்கிறோம், வராத ஒன்பது பேர் கணக்கில் வருவதே இல்லை. நோட்டின் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக ‘வராதவர்கள்’ என்று ஒரு பட்டியல் தொடங்குங்கள். ஒரு மாதம் உண்மையாகச் செய்தாலே நினைப்பதற்கும் வருவதற்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். ஆஸ்திரிய உயிரியலாளர் பால் காம்மெரர் நூறு வருடத்துக்கு முன்பே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர்களில் குடை வைத்திருப்பவர் எத்தனை பேர், தொப்பி போட்டவர் எத்தனை பேர் என்று குறித்துக்கொண்டே இருந்தவர். அவர் கண்ட முடிவுகளை எல்லோரும் ஏற்கவில்லை, ஆனால் உட்கார்ந்து எண்ணிய அந்தப் பொறுமையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கணக்கு. இது தற்செயலின் அழகைக் கெடுத்துவிடும் என்று பயப்படாதீர்கள். ரங்கூனின் பெரிய புத்தர் கோயிலான ஷ்வேடகோனில் எட்டு மூலை உண்டு, பிறந்த கிழமைக்கு ஒரு மூலை, புதன்கிழமை மட்டும் காலை, மாலை என்று இரண்டு. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் நீங்களும் ஒரே மூலை என்று தெரிந்தால் ஏதோ பந்தம் மாதிரி இருக்கும். போட்டுப் பார்த்தால் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே மூலையாக இருக்க நூற்றுக்குப் பதிமூன்று வாய்ப்பு, அதாவது ஏழெட்டுப் பேரிடம் கேட்டால் ஒருவர் சிக்கிவிடுவார். ஒரு அறையில் 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். கேம்பிரிட்ஜ் கணிதர் லிட்டில்வுட் பெயரில் இன்னொரு கணக்கு உண்டு: ஒரு நாளில் எட்டு மணி நேரம் விழிப்பாக இருந்து, விநாடிக்கு ஒன்று வீதம் எதையாவது பார்க்கிறோம் கேட்கிறோம் என்று வைத்தால், 35 நாளில் பத்து லட்சம் நிகழ்ச்சிகள் நம்மைக் கடந்துவிடும். பத்து லட்சத்தில் ஒன்று என்று நாம் வாய்பிளக்கிற அதிசயம் மாதம் ஒன்று எல்லோருக்கும் வரவேண்டியதுதான். என் சொம்புக்கும் இதைப் போட்டேன். அந்த நடைபாதையில் வாரம் நாலு நாள் நடக்கிறேன், இங்கே கிடந்த தமிழ்ப் பாத்திரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், ‘வ’-வும் ‘மீ’-யும் நம் பெயர்களில் அபூர்வமும் இல்லை. என்றைக்காவது ஒன்று கண்ணில் படத்தான் செய்யும்.

மனசு செய்கிற வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லைப் புதிதாகத் தெரிந்துகொண்டால் அது எங்கே பார்த்தாலும் தென்படும். சொல் பெருகவில்லை, நம் கண் அதைத் தேட ஆரம்பித்துவிட்டது. நாம் நம்புவதற்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் பழக்கமும் நம் எல்லோருக்கும் உண்டு. தொடர்பில்லாத இடத்தில் தொடர்பு காண்பதற்கு ஜெர்மன் மனநல மருத்துவர் கிளாஸ் கான்ராட் 1958-ல் அபோபீனியா என்று பெயர் வைத்தார், அதுவும் கடுமையான மனநோய் தொடங்கும் கட்டத்தைக் கவனித்து வைத்த பெயர். அதனால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஸ் நம்பரும் ரேடியோவில் வரும் வார்த்தையும் உங்களுக்குக் கட்டளை போடுகிற மாதிரித் தோன்றினால், தூக்கம் கெட்டால், நோட்டை மூடி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் கூடப் போங்கள்.

இன்னொன்று, தற்செயலை டூ டி, த்ரீ டி நம்பராக்காதீர்கள், அதாவது இரண்டு இலக்க, மூன்று இலக்க எண்ணில் பணம் கட்டும் சூதாட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கனவில் பாம்பு வந்தது, வண்டி எண் இது என்று கட்டிப் பணத்தை விட்டவர்களை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். இரண்டு இலக்கத்தில் நூற்றில் ஒன்றுதான் வாய்ப்பு, பாம்பு வந்தாலும் வராவிட்டாலும்.

சரி, இவ்வளவும் கழித்த பிறகு மிச்சம் என்ன? இங்கேதான் நம் பழமொழியைத் திரும்பப் பார்க்க வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்கிறோம், ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்வதற்கு. காக்கை ஒன்று, பழம் ஒன்று. ஆனால் அந்தக் கதையில் சொல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்: மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர். அவர் இல்லாவிட்டால் கதையே இல்லை. பசியோடு நிற்கிறவருக்கு அந்தப் பழம் ஒன்று, மரத்துக்குச் சொந்தக்காரருக்கு அது வேறொன்று. கணக்கு காக்கையையும் பழத்தையும் பார்த்துக்கொள்ளும். கீழே நிற்கிறவரைப் பற்றி யோசித்தவர் கார்ல் யுங்.

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவரான யுங் இதற்கு வைத்த பெயர் சிங்க்ரோனிசிட்டி. ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாக இல்லாமல், மனசுக்குள் நடப்பதும் வெளியே நடப்பதும் அர்த்தத்தால் பொருந்தி நிற்பது. அவர் சொன்ன வண்டுக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எதையும் அறிவால் மட்டுமே அளந்து சிகிச்சையில் ஓர் அடிகூட நகராமல் நின்ற ஒரு பெண், தங்க வண்டு நகை ஒன்றைக் கனவில் கண்டதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் டக் டக் என்று சத்தம். திறந்து பிடித்தால் பொன்பச்சையில் மின்னும் ஒரு வண்டு. அதை அந்தப் பெண் கையில் கொடுத்தார், இறுக்கம் உடைந்தது. அந்த வண்டு அந்த ஊரில் சாதாரணமாக இருப்பதுதான். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அதுதான், வண்டு சாதாரணம், அந்தப் பெண் எங்கே சிக்கி நின்றிருந்தார் என்பதுதான் அசாதாரணம். யுங் இதை 1952-ல் விரிவாக வெளியிட்டார், இயற்பியலில் 1945-ல் நோபல் வாங்கிய வுல்ப்காங் பவுலியின் கட்டுரையோடு சேர்த்து ஒரே நூலாக. உலகமே அப்படிக் காரணமின்றிக் கோத்திருக்கிறது என்று யுங் போன தூரம் வரை நான் போகமாட்டேன், அதற்கு ஆதாரம் போதாது. அவர் கேட்கச் சொன்ன கேள்வி மட்டும் எனக்குப் போதும்.

அந்தக் கேள்வியை நோட்டில் இப்படிக் கேளுங்கள்: “இது நடந்தபோது என் நெஞ்சு ஏன் திடுக்கென்றது?” ஒரு நாளைக்கு எத்தனையோ பொருந்துகின்றன, எல்லாமா உறைக்கிறது? சொம்பில் வேறு எழுத்து இருந்தால் விலை கேட்டுவிட்டு நடந்திருப்பேன். அன்றைக்கு உறைத்தது பித்தளை இல்லை, அண்ணன். மூன்று நாள் கழித்துதான் இதை எழுதினேன், நீங்களும் மூன்று நாள் விடுங்கள், சூடு ஆறின பிறகு வருகிற பதில் பெரும்பாலும் சின்னதாகவும் சரியாகவும் இருக்கும்.

இனி தாவோ என்ற சீனச் சிந்தனை மரபு. யுங்குக்கு இந்த வழியைக் காட்டியவர் ரிச்சர்ட் வில்ஹெல்ம், சீனாவின் சிங்தாவோ நகருக்கு மதபோதகராகப் போய் அங்கே ஆசிரியர்களிடம் உட்கார்ந்து படித்து, ஐ சிங் என்ற பழஞ்சீனக் குறி நூலை 1924-ல் ஜெர்மனில் கொண்டுவந்தவர். ஐ சிங் தாவோ மரபுக்கும் முந்தியது, கன்பூசியரும் தாவோவினரும் இரண்டு பேருமே தலையில் வைத்துக்கொண்டாடியது. எது எதற்குக் காரணம் என்று அது துருவுவதில்லை, இந்த ஒரு பொழுதில் எவையெல்லாம் சேர்ந்து நிற்கின்றன என்று பார்க்கிறது. நமக்கு இது புதிதும் இல்லை. சிவப்புப் பூ, வெள்ளைப் பூ பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்கிறோம். நம் காளி கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் லத்தா, அங்கே சீனர்கள் பிறை வடிவக் கட்டை இரண்டைத் தரையில் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் ஆம் என்று பதில்.

ஐ சிங்கைச் செய்து பார்க்க விரும்பினால், மூன்று காசு வேண்டும். நம் ஊரில் காசு புழக்கமே இல்லை, எல்லாம் நோட்டுதான், அதனால் மூன்று சட்டைப் பொத்தானை எடுத்து ஒரு பக்கம் மை தடவிக்கொள்ளுங்கள். மைப்பக்கம் 3, வெறும்பக்கம் 2. மூன்றையும் சேர்த்துப் போட்டுக் கூட்டினால் 6-லிருந்து 9-க்குள் வரும். ஒற்றைப்படை வந்தால் முழுக்கோடு, இரட்டைப்படை வந்தால் நடுவில் உடைந்த கோடு. ஆறு தடவை போட்டுக் கீழிருந்து மேலாகக் கோடுகளை அடுக்குங்கள், மொத்தம் 64 உருவில் ஒன்று கிடைக்கும். 6-ம் 9-ம் மாறப்போகும் கோடுகள், அதாவது உடைந்தது முழுசாகவும் முழுசு உடைந்ததாகவும் மாறுவதாக வைத்துக்கொள்பவை, எட்டில் ஒரு தடவைதான் ஒவ்வொன்றும் விழும். ஐ சிங்கில் அந்த உருவுக்குரிய வரிகளைப் படித்துவிட்டு, எது உங்களை உறுத்துகிறது, எதைப் படித்ததும் ‘இது எனக்கில்லை’ என்று அவசரமாகத் தள்ளுகிறீர்கள் என்று மட்டும் குறியுங்கள். பொத்தானுக்கு எதிர்காலம் தெரியாது. நீங்கள் எதை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியவரும். ஒரே கேள்வியைப் பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்பப் போடாதீர்கள்.

தாவோவில் வூ வெய் என்று ஒன்று, வலிந்து செய்யாமை. சோம்பி உட்காருவது என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தலாவுக்குச் சம்பான் என்கிற சின்னப் படகை ஓட்டிப் போகிறவரைப் பாருங்கள். ரங்கூன் ஆறு கடலின் ஏற்றவற்றத்துக்கு ஆடுகிற ஆறு, எதிர்க்கரைத் துறையை நேரே குறிவைத்து முட்டினால் நீர் இழுத்துக்கொண்டு போய்விடும். அவர் கொஞ்சம் மேலே ஏற்றி, நீர் தள்ளுகிற தள்ளலையும் கணக்கில் வாங்கி, துடுப்பைத் தேவையான இடத்தில் மட்டும் போடுவார். தற்செயல் வந்தபோது செய்ய வேண்டியதும் இந்த அளவுதான். அதை நம்பி வேலையை விடாதீர்கள், கல்யாணம் முடிவு செய்யாதீர்கள், நிலம் வாங்காதீர்கள். தப்பாகப் போனாலும் நஷ்டமில்லாத, திரும்பி வரக்கூடிய ஒரு சின்ன அசைவு, அதுவும் ஏற்கெனவே செய்ய நினைத்துத் தள்ளிப்போட்டதாக இருந்தால் ரொம்ப நல்லது. மரத்தடியில் நிற்கிறவர் மரத்தைப் பிடித்து உலுக்கவும் வேண்டாம், பழம் விழுந்த பிறகு குனியாமல் நிற்கவும் வேண்டாம்.

நான் செய்த அசைவு ஒரு ஃபோன். சொம்பு விஷயத்தைச் சொல்லவில்லை, “அண்ணே, நல்லா இருக்கீங்களா” என்று மட்டும் கேட்டேன். முதல் தடவை சரியாகப் பேசவில்லை. இரண்டாவது தடவை அண்ணிதான் எடுத்தார். இப்போது மாதம் ஒருமுறை பேசுகிறோம், பெரியப்பா காரியத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை. சொம்பு அப்பாயியுடையதுதானா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை, குடிதண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோம்.

மூன்று மாதம் ஆனதும் நோட்டை ஒரே உட்காரலில் படியுங்கள், முன்பக்கமும் பின்பக்கமும். வெவ்வேறு நாள், வெவ்வேறு இடம், வெவ்வேறு தற்செயல், ஆனால் ‘மனசில் என்ன ஓடியது’ என்ற வரியில் ஒரே பெயரோ ஒரே வேலையோ திரும்பத் திரும்ப வரும். அதன் கீழே கோடு போட்டு, அந்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒன்றைப் பக்கத்தில் எழுதுங்கள்.