தூக்குத் தண்டனைத் தீர்ப்பை எப்படிப் படிப்பது?

என்னிடம் தொழில் பழக வரும் இளம் வழக்கறிஞர்களிடம் தீர்ப்பைக் கடைசியிலிருந்து படிக்கச் சொல்வேன். கொலை விவரத்தை முதலில் படித்தால் ரத்தம் கொதிக்கும். பிறகு எந்தத் தண்டனையும் நியாயமாகவே படும்.

தண்டனை பற்றிய பத்திகளைப் பென்சிலால் குறியுங்கள். அரிதிலும் அரிதான வழக்கில், வேறு வழியே இல்லாதபோதுதான் தூக்கு என்றது 1980ஆம் ஆண்டு பச்சன் சிங் தீர்ப்பு. ஆகவே குற்றவாளியின் வயது, மனநிலை, திருந்தும் வாய்ப்பு பற்றி நீதிபதி என்ன எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள். ‘சமூகத்தின் மனசாட்சி’ தூக்கைக் கேட்கிறது என்பது மட்டுமே தென்பட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். (தூக்கே கூடாது என்பது என் கட்சி. அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.)

அடுத்தது சாட்சியம். வாக்குமூலம் இருந்தால், அதை எழுதியவர் யார் என்று பாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனுக்கு 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. வெடிகுண்டுக்காக வாங்கித் தந்ததாகச் சொல்லப்பட்ட பேட்டரி எதற்கென்று தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று, வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே 2013இல் சொன்னார். தடை வந்திராவிட்டால் அதை யாரிடம் சொல்லியிருப்பார்?

இவ்வளவும் முடிந்தபின் முதல் பக்கத்துக்கு வாருங்கள்.