இரண்டு கேமராவில் எதை எடுப்பது? சென்சாரை ஒப்பிடும் முறை

கேமரா வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி5, நிகான் இசட்5 இரண்டில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 40 மெகாபிக்சல், அடுத்தது 24. பெரிய வித்தியாசம் மாதிரி தெரியும், ஆனால் படத்தின் அகலத்தில் எண்ணினால் 7728 பிக்சலும் 6016 பிக்சலும்தான். 12-க்கு 18 அங்குலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பிரிண்ட் போட 5400 போதும்.

முதலில் சென்சாரின், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக்கும் சில்லின், அளவை மில்லிமீட்டரில் தேடுங்கள். இசட்5-இல் இருப்பது ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிமின் அளவு), ஏறக்குறைய 36-க்கு 24. எக்ஸ்-டி5-இல் அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி என்ற அளவு, 23.5-க்கு 15.6. நீள அகலத்தைப் பெருக்கிப் பார்த்தால் இசட்5 சென்சாரின் பரப்பு சுமார் 2.35 மடங்கு வருகிறது. ஒரே எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது), ஒரே ஷட்டர் வேகம் என்றால் அது வாங்கும் மொத்த ஒளியும் அத்தனை மடங்கு. '1 இன்ச் சென்சார்' என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள், அது பழைய வீடியோ கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர், உண்மையில் 13.2-க்கு 8.8 மி.மீ.தான்.

சரி, பெரிய சென்சாரையே வாங்கிவிடலாமா? லென்ஸையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காசெல்லாம் கேமரா பாடிக்கே போய், ஃபுல் ஃப்ரேமில் எஃப்/4 லென்ஸ் மாட்டினால், ஏபிஎஸ்-சியில் எஃப்/2.8 மாட்டியவருக்கும் உங்களுக்கும் இருட்டில் அனேகமாக ஒரே மாதிரிதான் படம் வரும். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு கேமராவிலும் ஒரே காட்சியை ஐஎஸ்ஓ 6400-இல் (ஐஎஸ்ஓ என்பது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் அளவு, இருட்டில் கூட்டுவோம்) ரா ஃபைலாக, அதாவது கேமரா பதப்படுத்தாத கோப்பாக, எடுங்கள். குறைந்த ஐஎஸ்ஓவில் நான்கு ஸ்டாப் இருட்டாக (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) இன்னொன்றும் எடுத்து, வீட்டில் வெளிச்சத்தை ஏற்றி, நிழல் பகுதியில் மணல் தூவியது போன்ற புள்ளி எவ்வளவு கிளம்புகிறது என்று பாருங்கள். இரண்டு படத்தையும் திரையில் ஒரே அளவில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும், 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் மெகாபிக்சல் அதிகமுள்ளது வீணாகக் கெட்ட பெயர் வாங்கும்.

சென்சார் படத்தை எவ்வளவு வேகமாகப் படித்தெடுக்கிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒரு முகூர்த்தத்தில் சத்தம் கேட்கக் கூடாதென்று எலக்ட்ரானிக் ஷட்டரில் (திரை எதுவும் அசையாமல் சென்சாரே படத்தை வரிவரியாகப் படிப்பது) எடுத்தேன், அது படித்து முடிப்பதற்குள் மேடையின் எல்ஈடி விளக்கு மின்னியதால் தாலி கட்டும் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுந்துவிட்டது, அதைத் திரும்ப எடுக்க முடியுமா? கடையிலேயே எல்ஈடி விளக்கடியில் 1/500 வினாடி ஷட்டர் வேகத்தில் சோதியுங்கள், கேமராவை வேகமாகத் திருப்பிக் கதவு நிலை சாய்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டு கேமராவிலுமே, அதிவேகமாகப் படித்தெடுக்கும் ஸ்டாக்டு வகைச் சென்சார் கிடையாது, ஆகவே இப்படிப்பட்ட இடத்தில் மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

வீடியோவும் எடுப்பவரா? இசட்5, 4கே-யில் சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்துகிறது, 1.7 மடங்கு வெட்டு. உங்கள் 24 மி.மீ. லென்ஸ் 41 போல ஆகிவிடும், சின்ன அறைக்குள் சுவரோடு ஒட்டி நின்றாலும் எல்லோரும் ஃப்ரேமுக்குள் வர மாட்டார்கள்.