அச்சுப் புத்தகத்தைக் காதால் படிக்கும் கோப்பாக மாற்றுவது எப்படி?

பார்வையற்ற மாணவர் ஒருவர் தமிழ்ப் புத்தகத்தை நீட்டி, "இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவீங்களா?" என்று கேட்டால் பலரும் தயங்குவது பதிப்புரிமைக்குப் பயந்துதான். அந்தப் பயம் தேவையில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் 2012இல் கொண்டுவந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்க ஏற்ற வடிவில் புத்தகத்தை மாற்றித் தர யாரையும் அனுமதிக்கிறது. லாபம் பார்க்கக் கூடாது, பொது விற்பனைக்குப் போகக் கூடாது. டெலிகிராம் குழுவில் போட்டுவிட்டு "அவருக்காகத்தான் செய்தேன்" என்றால் அது எடுபடாது.

படி 1: ஏற்கெனவே இருக்கிறதா?

2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் தேடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெயில் பிரிவிலும் கேட்டுப் பார்க்கலாம். நாட்டுடைமையான நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கக்கூடும். ஆனால் அங்கே பல நூல்கள் வெறும் பக்கப் படங்கள். அவற்றுக்கும் படி 2 தேவை.

படி 2: படத்தை எழுத்தாக்குதல்

பக்கங்களை நேராக, நிழல் விழாமல் ஸ்கேன் செய்யுங்கள். பத்துப் பத்துப் பக்கமாகக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறிவிடும்.

பதிப்பகமே கோப்பு கொடுத்தால் வேலை மிச்சம் என்று நினைப்போம். பழைய கோப்பென்றால் எழுத்துருவைப் பாருங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'அம்மா' நம் கண்ணுக்கு அம்மாதான்; திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். என்னைக் கேட்டால், தமிழ் மின்னூல்களில் நகலெடுக்க விடாமல் போடும் டிஜிட்டல் பூட்டைவிட இதுதான் பெரிய தடை.

படி 3: ஒழுங்குபடுத்துதல்

கிடைத்த எழுத்தை லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற எழுத்துச் செயலியில் ஒட்டி, மொழியைத் தமிழ் என்று குறியுங்கள். அத்தியாயத் தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்கினால் போதாது. கன்ட்ரோலும் 1உம் சேர்த்து அழுத்தித் தலைப்பு நடையைக் கொடுங்கள். அப்போதுதான் கேட்பவர் அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவ முடியும். அச்சுப் பக்க எண்களை அழித்துவிடாதீர்கள். வகுப்பில் ஆசிரியர் "42ஆம் பக்கம் எடுங்க" என்பாரே!

படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் விளக்கம், எழுதுங்கள். "ஆற்று வரைபடம்" என்றால் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. "பாலாறு காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள் வழியே வந்து வாயலூர் அருகே கடலில் கலக்கிறது" என்று எழுதினால் பாடம் புரியும்.

அப்புறம் ஈபப் என்ற மின்னூல் வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள்.

படி 4: கேட்டுப் பாருங்கள்

என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம், தமிழும் பேசும். திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ளகரமும் புகுந்திருந்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. காதில் 'கெ-ள-ர-வம்' என்று விழும்போது மாட்டிக்கொள்ளும். முடிந்தால் படிக்கப்போகிறவரிடமே ஓர் அத்தியாயத்தைக் கொடுத்துக் கேளுங்கள். நமக்குத் தோன்றாத குறையெல்லாம் அவர் சொல்வார்.

காசு கொடுத்து வாங்கிய மின்னூல் பூட்டியிருந்தால்?

முதலில் பதிப்பகத்துக்கு எழுதி, பூட்டில்லாத கோப்பு கேளுங்கள். கொடுக்காவிட்டால் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவைப் படியுங்கள். உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை. சட்டம் தடுக்காத நோக்கத்துக்கு என்றால் குற்றமில்லை. ஆனால் இன்னொருவர் பூட்டைத் திறக்க நீங்கள் உதவினால், அவர் பெயர், முகவரி, எதற்காக என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.